பக்கம் மாறிய கணக்கு

சிவப்புக் கோட்டு முன்னூற்று நாற்பது பவுண்டு.
அதுவரை சரி.
நமூரில் பேருந்து ஓட்டுகிறவனின் வருடக்கடைசிப் பணம்
அதைத் தாங்கும்.

ஆனால் கோட்டு கடல் தாண்டி வர வேண்டும்.
நீந்தியே கடந்தவர்கள் உண்டு அந்தக் கடலை.
கோட்டுக்கு நீந்தத் தெரியாது.
பெட்டிக்குள் மடங்கி வந்து சுங்கத்தில் படுத்துக்கொள்ளும்:
நூற்றுக்குப் பன்னிரண்டு தீர்வை,
தீர்வையையும் சேர்த்த தொகைக்கு இருபத்தொன்று வரி,
அப்புறம், பெட்டியைப் பிரித்துப் பார்த்து
மறுபடி ஒட்டிய கைக்குக் கூலி.

இங்கிலாந்துக் கடைதானே என்று வாதாடிப் பார்த்தேன்.
தைத்தது சியால்கோட்டில், முசியூ,
மடித்ததுதான் இங்கிலாந்தில் என்றாள்
லியேஜிலிருந்து தொலைபேசியில் ஒரு குமாஸ்தா.
இது ராணுவத் தளவாடமா, மாறுவேட உடையா?
இரண்டும் இல்லை, முப்பத்துமூன்றாம் ரெஜிமென்ட் என்றேன்.
கொஞ்ச நேரம் தட்டச்சு ஓசை.
அப்படி ஒரு கட்டம்
படிவத்தில் இல்லை.

இருநூறு வருடம் முன்னால்
ஓஸ்டெண்ட் துறையில் இதே கோட்டுகள்
ஆயிரக்கணக்கில் இறங்கின,
உள்ளே ஆட்களோடு.
யார் கேட்டார்கள் ரசீது?

கிஸ்லேன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னாள்:
"பிரெஞ்சுக்காரனா ஆயிடேன்."

சிரித்தேன்.
அன்று இரவு தூக்கம் வரவில்லை.

போலந்தில், பியெல்ஸ்கோவில், போகுமிவா என்று ஒருத்தி
நீலக் கம்பளியில் எதிரிகளைத் தைக்கிறாள்.
நூற்றெழுபது யூரோ.
நடுவில் கடல் இல்லை, கட்டம் இல்லை.
ஜெர்மனியைக் குறுக்காக வெட்டி வரும் லாரி
மூன்றாம் நாள் வாசலில் நிற்கும்.
மார்பளவு கேட்டிருந்தாள். வயிற்றளவும்.
"நிஜமான எண்ணை எழுதவும்,
சிப்பாய்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள்."
எழுதினேன்.
நெடுநாளைக்கு அப்புறம் அந்த எண்ணை
நானும் அன்றுதான் பார்த்தேன்.

ஓதோனிடம் சொல்வதுதான் பாடாகிவிட்டது.
பதினோரு ஜூன் மாதங்கள்
அவன் வலது தோளில் என் இடது தோள் உரச
ஒரே வரிசையில் நின்றிருக்கிறோம்.
அவன் கோட்டு பழைய விலைக்கு வாங்கியது,
கடலில் கோடு விழுவதற்கு முன்.
பீர்க் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தான்.
"எவ்வளவு மிச்சம்?"
சொன்னேன்.
"அப்ப சரி, ஃபிர்மான். அந்தக் காலத்துலயும்
நம்ம ஊர்ல ரெண்டு பக்கமும் நின்னாங்க.
எல்லாருமா கொள்கைக்காக நின்னாங்க?"
சொன்னானே தவிர
அடுத்த கோப்பைக்கு இருக்கவில்லை.

ஜூன். ராத்திரி முழுக்க மழை.
நனைந்த ரைப்பயிரை மிதித்துக்கொண்டு
மேட்டில் ஏறுகிறேன், முரசு பின்னால்.
இத்தனை வருடம் இந்தச் சரிவை
மேலிருந்தே பார்த்தவனுக்கு
இது இவ்வளவு செங்குத்து என்று
யாரும் சொன்னதில்லை.

என் இடத்தில் ஒரு பல் வைத்தியன் நிற்கிறான்.
உயரம் போதாது. ஓதோனின் தோளுக்குப் பக்கத்தில்
காற்றுதான் இருக்கிறது.

மூன்றாம் வெடிக்கு
இரட்டைப்படை மாதத்தில் பிறந்தவர்கள் சாக வேண்டும்
என்று காலையிலேயே முடிவு. நான் ஆகஸ்ட்.
தலைக்கு மேலே குழாயை உயர்த்திச் சுடுவது விதி.
ஓதோன் என்னைப் பார்த்தான்.
பார்த்துவிட்டு
இன்னும் ஒரு சாண் உயர்த்தினான்.

உலர்ந்த இடமாகத் தேடிச் செத்தேன்.
அப்படி ஓர் இடம் இல்லை.
கண்ணை மூடிக் கிடக்கையில்
சட்டைப்பையில் இருந்த சீட்டு ஞாபகம் வந்தது,
போகுமிவாவின் சாய்ந்த எழுத்து:
முதல் மூன்று மழைக்குச் சாயம் இறங்கும்.

முடிந்ததும் கை கொடுத்துத் தூக்கினான்.
கனம் அதிகம்; கோட்டா, நானா தெரியவில்லை.
நிமிர்ந்தபோது
அவனுடைய வெள்ளைத் தோள்வாரில்
நாலு விரல், நீலமாக.

"போகுமா இது?"

"ஒரு மழைதான ஆயிருக்கு," என்றேன்.
"இன்னும் ரெண்டு பாக்கி."