எது முன்னால் வருகிறதோ

கையேட்டில் ஒரே வரி:
ஒரு லட்சம் கிலோமீட்டர் அல்லது ஆறு வருடம்,
எது முன்னால் வருகிறதோ.

மீட்டர் காட்டியது தொண்ணூற்று இரண்டாயிரம்.
"டாக்டர் வச்சிருந்த வண்டி, ஞாயித்துக்கிழமை மட்டும்தான் ஓடுச்சு"
என்று மேல்விஷாரத்தில் விற்ற ஜமீல் பாஷா சொன்னார்.
கிளட்ச் பெடலின் ரப்பர்
வரியெல்லாம் மழுங்கி
ஞாயிறு அல்லாத ஆறு நாளையும் சொன்னது.

மீட்டரைத் திருப்பலாம்.
வேலூர்ச் சித்திரையைத் திருப்ப முடியாது.
ஒன்பது அக்னி நட்சத்திரம் தாண்டிய பெல்ட் அது,
நிழலில் நிறுத்தி வைத்தாலும் வயதாகிக்கொண்டிருக்கும்.

செயின் என்றால் சொல்லிவிடும்.
காலையில் சாவி திருப்பியதும் கரகரக்கும்,
கோபித்துக்கொள்ளும்,
நாலு மாதம் நம்மைத் திட்டிவிட்டுத்தான் போகும்.
பெல்ட் பேசாது.
நேற்றுப்போல இருக்கும்
இன்று காலைபோல இருக்கும்
பிறகு இருக்காது.
ஏறும் பிஸ்டன் இறங்கிய வால்வை முட்டும்.
அதற்குமேல் எஞ்சின் இல்லை, இரும்பு.

சத்தம் வருதா, என்றாள் வேதா.
இல்லை.
புகை?
இல்லை.
மைலேஜ்?
குறையவில்லை.
அப்ப ஜூன்ல ஃபீஸ் கட்டிட்டுப் பாத்துக்கலாம்.
அவள் கணக்கில் பிழை இல்லை.
ஜூன் போனது, ஆடி போனது,
மீட்டர் தொண்ணூற்று ஏழு.

சென்னை விமான நிலையத்தில் ஒரு ராத்திரி
சில்சரிலிருந்து வந்த இருவர்.
அவர் பின்சீட்டில் சாய்ந்ததும் தூங்கிவிட்டார்.
அந்த அம்மா எக்ஸ்ரே கவரை
மடங்காமல் மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தார்,
கண்ணாடிப் பலகையைப் பிடிப்பதுபோல.
காலை ஏழரைக்கு டோக்கன்.
வாலாஜா டோல் தாண்டியதும் கேட்டார்:
"காடி டீக் ஹை, பையா?"
சும்மா கேட்டிருப்பார்.
"டீக் ஹை."
சொன்ன வாயோடு
ஏசியைக் குறைத்தேன், ரேடியோவை அணைத்தேன்.
பூட்டுத்தாக்கு வந்தது, ரத்தினகிரி வந்தது,
மலைமேல் கோயில் விளக்கு வந்து போனது.
எஞ்சினைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் முனிரத்தினம்
கடை திறக்குமுன்னே நின்றேன்.
பெல்ட்டோடு டென்ஷனர், தண்ணீர் பம்ப்,
திறந்தது திறந்தாச்சு, மறுபடி எவன் திறப்பான் என்றான்.
மேலே ஒரு வெள்ளைப் புள்ளி, கீழே ஒன்று வைத்தான்.
புது பெல்ட்டை மாட்டி, ஸ்பேனரால்
கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றினான்.
புள்ளிகள் போய்ப் புள்ளிகள் திரும்பி வந்தன.
அதுவரை அவன் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

பழசை வெயிலில் பின்பக்கமாக வளைத்துப் பார்த்தோம்.
ஒரு விரிசல் இல்லை. பல்லெல்லாம் இருந்தது.
"நல்லாத்தான் கீது. இன்னும் பத்தாயிரம் ஓடியிருக்கும்போல."
அப்புறம் ஏண்டா மாத்துன, என்றேன்.
"போலன்னுதானே சொன்னேன்."

அந்தப் போலவுக்குக் கொடுத்தேன்
பதினோராயிரத்து இருநூறு.
பில்லில் சாமான் பெயர் எல்லாம் இருந்தது,
நடக்காமல் போனதற்கு மட்டும் ஒரு வரியும் இல்லை.

வேதா பழைய பெல்ட்டை
கேஸ் சிலிண்டரையும் ஜன்னல் கம்பியையும் சேர்த்துக் கட்டியிருக்கிறாள்.
நன்றாகத்தான் பிடிக்கிறது.
பார்க்கும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறாள்.

எங்கே அறுந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.
பாலாற்றுப் பாலத்திலா, டோல் வரிசையிலா,
அறுந்தே இருக்காதா.
அந்த இடத்தை
இப்போது தினம் இரண்டு முறை தாண்டுகிறேன்.

பானட்டின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்தேன்:
தேதி, 97,340, பெல்ட் புதுசு.
அடுத்து வாங்குகிறவர்
நம்பமாட்டார்.