உப்பிட்டவர்

ராஹேயில் அக்டோபர்.
உப்பு லாரிகள் இன்னும் புறப்படவில்லை.
கொட்டகைத் தரையில் அட்டை விரித்து
மல்லாந்து கிடக்கிறேன்.
மூக்குக்கு மேலே இரண்டு சாண் தூரத்தில்
அறுபத்தொன்பதாம் வருடத்து சாப்.

மேலே வெண்ணெய் மஞ்சள்.
போன ஞாயிறு தேவாலய வாசலில்
ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.
எனக்காக அல்ல, வண்டிக்காக.

பக்கத்து ஷெட் ஆர்னோ வருகிறான்.
முதலில் ஷூ,
பிறகு தலைகீழாக ஒரு மீசை.
"அடியை யார் பார்க்கப் போகிறார்கள், ஹில்க்கா?"
"உப்பு பார்க்கும்."
மீசை மேலே போய்விட்டது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இந்த ஊர்ச் சாலைகளுக்கு உப்பிட்டவரை
ஒவ்வொரு ஓட்டையிலும் நினைத்துக்கொள்கிறேன்.

வெந்நீர் பீய்ச்சியதில் மண் இறங்கியது.
பைன் ஊசிகள், ஒரு வாத்து இறகு,
எந்தக் கோடையிலோ ஓடிய சரளைப் பாதை முழுக்க.
மண்ணுக்கு அடியில் தார்.

வெய்க்கோ ரவுத்தியோ,
பதிவேட்டில் எனக்கு முன்னால் நிற்கும் பெயரே,
இது நீ பூசிய தார்.
சூட்டுத் துப்பாக்கி காட்டிச் சுரண்டினால்
பாகு போல் நீள்கிறது,
முழங்கையில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு.
நீ முழு வண்டியின் துருவையும்.

ரவுத்தியோ என்றால் எங்கள் மொழியில் கொல்லன்.
கொல்லன் பெயரை வைத்துக்கொண்டா
வடிகால் துளைகளை அடைத்தாய்?
கம்பி விட்டுக் குடைந்தேன்.
நான்கு கரண்டி பழுப்புத் தண்ணீர்
கண்ணாடிக்கும் புருவத்துக்கும் நடுவில் இறங்கியது.
வெளியே இருப்பது உள்ளே வரக்கூடாது என்றுதான் பூசினாய்.
உள்ளே இருந்தது வழி கேட்டுக் கேட்டு
தகட்டைத் தின்றிருக்கிறது.

பகலில் எனக்கு இரும்பாலை.
செக்கச் சிவந்து உருண்டு வரும் தகடு
ஆறி, ஓரிரவு வெளியே கிடந்தால் போதும்,
பூனை மயிர் போல ஒரு பழுப்பு படரும்.
துரு எனக்குப் புதிதல்ல.
ஒரு மனிதன் மேல் இத்தனை கோபம்தான் புதிது.

ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே,
குதிகால் அழுந்தும் இடத்தில்
பதினான்கு ரிவெட், வட்டமாக.
உளி வைத்து ஒவ்வொன்றாகத் தெறித்தேன்.
கழன்று நெஞ்சில் விழுந்தது
ஒரு காபி டப்பா மூடி.
உள்பக்கச் சிவப்பு இன்னும் அப்படியே.
ஆணியால் கீறிய கோணல் எழுத்து:

8.2.81. மைனஸ் 31.
நாளை வரை தாங்கினால் போதும்.

காலண்டரைத் தேடிப் பார்த்தேன். அன்று ஞாயிறு.
நாளை என்ன, வெய்க்கோ?
பிரசவமா, சாவா, கோர்ட்டா,
அல்லது வேலைக்குப் போயே ஆகவேண்டிய
வெறும் ஒரு திங்கட்கிழமையா?
மைனஸ் முப்பத்தொன்றில்
கையுறையோடு ஆணி பிடிக்க முடியாது.
கழற்றித்தான் எழுதியிருப்பாய்.
இரும்பில் தோல் ஒட்டியிருக்கும்.

நான் உன்னைத் திட்டிய வார்த்தைகளில்
இரண்டை மட்டும் திரும்பப் பெறுகிறேன்.
தாருக்கான வார்த்தை அப்படியே இருக்கட்டும்.

எங்கள் ஆலைத் தகட்டையே வெட்டிப் பற்றவைத்தேன்.
துருவை மாற்றும் திரவம்
ஊதாவாகி, பிறகு கறுக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.
துத்தநாகப் பூச்சுக்கு முன்னால்
துளைக்கு ஒன்றாகத் தீக்குச்சி செருகி,
காய்ந்ததும் உருவினேன்.
பதினொரு துளை, பத்துத் தீக்குச்சி கிடைத்தது.
மீதி ஒன்றை இன்னும் தேடுகிறேன்.

கடைசியாக மெழுகு, நீளக் குழாய் விட்டு,
கண்ணுக்கு எட்டாத அறைகளுக்குள்.
அட்டை என் முடியில் ஒட்டிக்கொண்டது.
கத்தரிக்கோல் எடுக்க வேண்டியதாயிற்று.

மெழுகு மூன்று நாள் சொட்டும்.
துளைக்கு நேர் கீழே
உன் மூடியை வைத்திருக்கிறேன், எழுத்து மேலே பார்க்க.
தேதி மூழ்கிவிட்டது. மைனஸ் மூழ்கிவிட்டது.
'தாங்கினால்' பாதி தெரிகிறது.

கதவிடுக்கில் ஓர் ஆரஞ்சு வெளிச்சம்
சுழன்று சுழன்று போகிறது.
முதல் லாரி.