வினைச்சொல்

பதுளை மேல் நீதிமன்றத்தில்
தமிழுக்கும் சிங்களத்துக்கும் நடுவே
எனக்கொரு முக்காலி.
ஒன்பது வருடமாக ஒரு கால் ஆடுகிறது.

இன்று கூண்டில் மோகனதாஸ்,
கவ்வாத்துக்காரன், ஏழாம் நம்பர் லயம்.
செத்தவன் பக்கத்துக் காம்பரா லெட்சுமிகாந்தன்.
பீலியில் யார் குடம் முதலில்
என்று ஆரம்பித்தது.
வெட்டு ஒன்று. நாலு அங்குலம். கழுத்தோரம்.
சட்ட வைத்திய அதிகாரி அளந்து சொல்லிவிட்டார்.

இருநூற்றுத் தொண்ணூற்றாறு என்றால் கொலை,
தூக்கு என்று தீர்ப்பு வாசிப்பார்கள்.
இருநூற்றுத் தொண்ணூற்றேழு என்றால்
கொலை ஆகாத ஆட்கொலை, வருடக் கணக்கு.
நடுவில் ஓர் இலக்கம்தான்.
அந்த இடத்தில் அவன் மனசு
என்னவாக இருந்தது என்பதை
ஆறு வருடம் கழித்துத் தேடுகிறோம்.

"திடீர்ச் சண்டை, அதை மட்டும்
தெளிவாகச் சொல்லிவிடுங்கள் மிஸ்"
என்றாள் நடைபாதையில் சட்டத்தரணி குமுதுனி.
அரசு ஒதுக்கிய வழக்கு அவளுக்கு.
கோப்பை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

கத்தியை எடுக்கப் போனானா,
கையிலேயே இருந்ததா?
காலை முழுக்க அதுதான்.
கவ்வாத்து மாதம்; மலையிலிருந்து இறங்குகிறவன்
கத்தியை வேறு எங்கே வைப்பான்?
கேட்பதற்கு என் முக்காலிக்கு உரிமையில்லை.

மதியத்துக்குப் பிறகு வாய் திறந்தான்.
"நான் வெட்டி...
என் கையால வெட்டுப் பட்டுருச்சுங்கய்யா."

சிங்களத்திலும் இருக்கின்றன இரண்டும்.
கெப்புவா என்றால் வெட்டினான்.
கெப்புணா என்றால் வெட்டுப்பட்டது.
ஒரு வா. ஒரு ணா.
என் மகன் கோப்பையை உடைத்துவிட்டு
உடைஞ்சிருச்சும்மா என்பான்.
நான் நம்பியதே இல்லை.

தட்டச்சுக்காரி விரல் தூக்கிக் காத்திருந்தாள்.
முறிந்த சொல்லை முறிந்தபடி கொடுத்தேன்,
பிறகு முழுசை.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
இதில் எது? மறுபடி கேளுங்கள்.

கேட்டேன்.
கம்பியைப் பிடித்த கை தளர்ந்தது.
"குடம் ரொம்பி வழிஞ்சிக்கிட்டே இருந்துச்சுங்கம்மா.
ஒருத்தரும் அத நகத்தல."

அதையும் சொன்னேன், சிங்களத்தில்,
ஒரு சொல் விடாமல்.
அரச சட்டவாதி பேனாவை மூடிவிட்டார்.
குமுதுனி மட்டும் எதையோ எழுதினாள்,
நேரமெடுத்து.

அடுத்த தவணை பதினேழாம் திகதி.