இரண்டு நூல்

சோமனூர் ரயில்வே கேட்டைத் தாண்டினால் அந்தக் கொட்டகை.
தெய்வசிகாமணி தறிகளை எடைக்குப் போட்டுவிட்டு
எங்களுக்கு வாடகைக்கு விட்டது.
இருபத்திரண்டு அடி நீளம், பதினொன்று அகலம்.
தறிக்கு நான்கு வீதம் அறுத்துவிட்ட போல்ட்டுகள்
இன்னும் தரையில் முளைத்து நிற்கின்றன,
செருப்பில்லாமல் வந்தால் காட்டிக்கொடுக்கும்.

டேபிள் சா என்னுடையது. நடுவில் நிற்கிறது.
முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி,
முழு பிளைவுட் ஒன்று போய் வெளியேற வேண்டும்.
அந்த இடத்தில் ஆணி டப்பாகூட வைக்க விடமாட்டேன்.

ரூட்டர் மேசை பன்வர்லாலுடையது.
அவன் சீட்டு எடுத்த காசு,
நேற்றுக் காலை டெம்போவில் வந்து இறங்கியது.
கூட்டு என்று பேசி ஐந்து மாதம்.
எழுதிக்கொள்ளவில்லை.

முதலில் அக்கட்டால வைத்தோம்,
எனக்குப் பின்னால், கதவோரம்.
அவன் குனிந்து விளிம்பு உருட்டுகையில்
முதுகு சரியாக பிளேடின் நேர்க்கோட்டில்.
போன மாசியில் சிக்கித் தெறித்த ரீப்பர் துண்டு
கதவுத் தகரத்தில் போட்ட ஓட்டையை
நான் காட்டவில்லை. அவனே பார்த்துக்கொண்டான்.

அப்புறம் இக்கட்டால, வலக்கைப் பக்கம்.
எடத்து மாடு, வலத்து மாடு என்று
நுகத்தில் பூட்டின கணக்காய் இருந்தது.
கண்ணுக்கு அழகுதான்.
ஆனால் கைடு நகர இடமில்லை,
இரண்டடிக்கு மேல் கிழிக்க வழியில்லை.
அவன் ஒரட்டாங்கைக்காரன் வேறு,
திரும்பும்போது முழங்கை என் சுவிட்சில் பட்டது.
யாரும் தொடாத பிளேடு ஓட ஆரம்பிக்க
இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரில் ஒட்டி நின்றோம்.

தரை முழுக்கச் சாக்பீஸ் கோடு.
வாடகைக்கு வந்த தெய்வசிகாமணி எட்டிப் பார்த்து,
"ஏனுங், ரெண்டு பேரும் பாண்டி ஆடறீங்களா?"

"சாவுக்குப் பின்னாடி வெச்சுக்கலாம்" என்றான் பன்வர்.
எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
அந்தச் சொல்லை அவனுக்கு விளக்கக் கால் மணி நேரம் ஆனது.
அவன் சிரிக்கவில்லை.
அதற்குப் பிறகு இருவரும் 'மிசின்' என்றே சொன்னோம்.

மிசினுக்குப் பின்னால், சரி.
அறுந்த பலகை வழுக்கி அதன்மேல் ஏறிக்கொள்ளும்,
தனி ஸ்டாண்டு செலவு மிச்சம்.
ஒரு கால் மட்டும் போல்ட் மேல் ஏறி நின்றது.
கிரைண்டரைப் பிடித்துத் தேய்த்தோம், பொறி பறந்தது,
பலகையை விட்டுப் பார்த்தால்
இன்னும் விளிம்பில் முட்டுகிறது.
மட்டம் வைத்தேன். இரண்டு நூல் உசரம்.

நூல்!
தறியெல்லாம் போன கொட்டகையில்
இஞ்சில் எட்டில் ஒரு பங்குக்கு
நான் வேறென்ன பேர் சொல்லிக்கொண்டிருந்தேன் இத்தனை நாள்?
உத்தரத்தில் ஒட்டின பஞ்சு
மிசின் அதிர்வுக்கு அவ்வப்போது உதிர்கிறது.
கூட்டித் தள்ளினால் மரத்தூளோடு அதுவும் வருகிறது.

"சமமா எறக்கிரலாம்" என்று ஸ்பேனரை எடுத்தேன்.
அவன் என் கையைப் பிடித்தான்.
"சமம் வேண்டாம்ங். வாங்கற மேசை
அரை நூல் தாழ இருக்கோணும்ங்.
இல்லாட்டி முட்டும்ங்."

அந்த 'ங்'கை எந்த டீக்கடையில் பொறுக்கினானோ.
மேசையைத்தான் சொன்னானா என்று
முகத்தைப் பார்த்தேன்.
அவன் நட்டைத் திருகிக்கொண்டிருந்தான்.
கணக்குச் சரி.

அவிநாசி வீட்டு அடுப்படிக் கதவுகள் பன்னிரண்டு,
வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.
முதல் பலகையை விட்டேன்.
பாதி என் மேசையில், பாதி அவன் மேசையில்,
முட்டாமல் போனது, போய்க்கொண்டே இருக்கையில்
கரண்ட் நின்றது.

பிளேடு தானாக ஓய்கிற வரைக்கும்
பலகையிலிருந்து கையெடுக்கக் கூடாது.
இருட்டில் அது சுற்றும் சத்தம்
மெலிந்து மெலிந்து
நின்றுவிட்டதா என்று தெரியவில்லை.

"புடிச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"புடிச்சிருக்கேனுங்."