மூன்றாம் எச்சரிக்கை

படிவத்தில் எனக்கான கட்டம் மிகச் சிறியது.
உத்தியோகம்: துணைவர்.
பதினாறு வருடம் வாக்குவா அரசுப் பள்ளியில்
அகரத்தின் சுழி எங்கே தொடங்குகிறது என்று
கிரியோல் பேசும் பிள்ளைகளின் விரல்பிடித்துக் காட்டியவன்
ஒரே சொல்லில் அடங்கிவிட்டேன்.
தப்பில்லை. லோகநாயகிக்குத்தான் நியமனம்:
மாஸ்கோ தூதரகம், இரண்டாம் செயலர், மூன்று வருடம்.
நாங்கள் அவளுடைய லக்கேஜ்.

இருபதடிக் கன்டெய்னர் ஒன்று அமைச்சகம் தரும்.
உள்ளே போவதையெல்லாம் நான்கு பிரதியில் எழுத வேண்டும்:
பொருள், எண்ணிக்கை, வாங்கிய ஆண்டு, டாலரில் மதிப்பு.
அம்மிக்கு விலை போட உட்கார்ந்தோம்.
முப்பத்தொரு கிலோ. வாங்கிய ஆண்டு யாருக்கும் தெரியாது.
அவள் பூஜ்யம் என்றாள், நான் நூறு என்றேன்.
காப்பீட்டுக்காரன் போனில் சிரித்தான்:
"மிஸ்யே, கல் உடையாதே."
உடையாததற்கு மதிப்பு எழுத வேண்டாமாம்.
கட்டத்தைக் காலியாக விட்டோம்.

கோவிலன், பதினோரு வயது,
மாஸ்கோவில் இன்று மைனஸ் பதினெட்டு என்று பார்த்துவிட்டு
ஃப்ரீசரைத் திறந்து கையை உள்ளே வைத்து எண்ணுகிறான்.
அறுபதுவரை தாங்கினான்.
தங்கை அந்த விரல்களை முகர்ந்து
மாஸ்கோ மீன் நாற்றம் அடிக்கும் என்று தீர்ப்புச் சொன்னாள்.
ரோஸ்ஹில் கடைகளில் கம்பளிக் கோட்டு கேட்டால்
எந்த நாடகத்துக்கு என்கிறார்கள்.

கன்டெய்னர் வரவேண்டிய வியாழக்கிழமை
வானொலி மூன்றாம் எச்சரிக்கை என்றது.
துறைமுகம் மூடியாயிற்று.
கப்பல்களை ஆழ்கடலுக்கு விரட்டிவிட்டார்கள், எங்களுடையதும் சேர்த்து.
வரவேற்பறையில் அறுபத்திரண்டு பெட்டிகள்.
ஜன்னல் அடைக்கிற பலகை எதன் பின்னால்?
ஐந்து மணிக்குக் கரண்டு போனது.
டார்ச், 'படுக்கையறை, பலவகை' என்று நான் எழுதிய
ஏழு பெட்டிகளில் ஒன்றில்.
எரியக்கூடியது ஏற்றக்கூடாது என்பதால்
தீப்பெட்டி, மெழுகுவர்த்தி எல்லாம்
பக்கத்து வீட்டு மதாம் லிசேத்துக்குக் கொடுத்தாயிற்று.
நனைந்துகொண்டே போய்க் கதவைத் தட்டி
என் மெழுகுவர்த்தியை நானே கடன் வாங்கினேன்.
அவள் காலடியில் ஏற்கெனவே எங்கள் நாய்.
என்னைப் பார்த்து வாலை இரண்டே தடவை ஆட்டியது,
விருந்தாளிக்கு ஆட்டுவதுபோல.

இரவெல்லாம் காற்று
கராஜின் தகரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது,
மேலதிகாரி கோப்பைப் புரட்டுவதுபோல, நிறுத்தி நிறுத்தி.
பிள்ளைகள் சுருட்டிவைத்த கம்பளத்தின்மேல் தூங்கினார்கள், அல்லது நடித்தார்கள்.
லோகா அட்டைப்பெட்டி ஒன்றின் மேல்
ரஷ்ய எழுத்து எழுதிப் பழகினாள்.
"கடைசி எழுத்து இது. யா."
கண்ணாடியில் தெரிகிற ஆங்கில ஆர்.
"தனியா நின்னா அர்த்தமும் உண்டு. நான்."

ஓரெழுத்து ஒருமொழி!
ஆ, ஈ, தீ, பூ என்று
எத்தனை தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டிருப்பேன்.
பென்சிலை வாங்கி நானும் எழுதினேன்.
என் சுழி பழக்கதோஷத்தில் எதிர்ப்பக்கம் ஓடியது.
அழித்தேன். மறுபடி.
மூன்றாவது தடவைதான் அது
யார்மீதும் சாயாமல் நின்றது.
"அப்பா," என்றது கம்பளம்,
"அது பெட்டி முப்பத்தெட்டு. சமையலறை.
நம்பர் மேலேயே எழுதிட்டீங்க."

விடிந்தபோது புயல் ரீயூனியன் பக்கம் திரும்பிவிட்டதாகச் சொன்னார்கள்.
பப்பாளி மரம் வேலிக்கு வெளியே கிடந்தது, காய்களோடு.
சுவரோரத்தில் ஆறு பெட்டிகள் நனைந்து தொப்பையிட்டிருந்தன;
பிரித்துக் காயவைத்தால் பாதி வீடு மறுபடி வீடாகிவிடும்.
தாழ்ப்பாள் பிய்ந்த பின்கதவு மட்டும்
இரவு முழுக்கத் திறக்கவே இல்லை.
அம்மி முட்டுக் கொடுத்திருந்தது. நான் வைக்கவில்லை.

லோகா ஒன்றும் சொல்லாமல் பட்டியலைத் தேடி எடுத்து
காலிக் கட்டத்தில் நூறு என்று எழுதினாள்.
கொஞ்சம் யோசித்து,
நூற்றிருபது.