சும்மா தோல்

மாங்குளத்தில் இறங்கவில்லை.
அங்கே துண்டு எழுதுகிறவன்
மச்சானின் கூட்டாளி.
கிளிநொச்சி வரை
நின்றுகொண்டே போனேன்.

தொடையில் கிடக்கிற சன்னத்தை
கேட்டவருக்கெல்லாம் காட்டியிருக்கிறேன்,
சாரத்தை மடித்துக் கட்டி,
சந்தையில் வைத்துக்கூட.
அதற்கு நாலு விரல் மேலே
நெல்லுமணி அளவில் தொங்கியதை
மூன்று வருடம் எவருக்கும் இல்லை.
நிரஞ்சலாவுக்கும்
இருட்டுத்தான்.

தலைமயிரால் இறுக்கிக் கட்டினேன்.
சுண்ணாம்பு வைத்தேன்.
சுற்றி வெந்தது,
அது அப்படியே இருந்தது.
புற்றோ, பொம்பிளை வருத்தமோ,
நான் எங்கும் போகாதவன்,
ஆர் நம்புவினம்?

டொக்டர் மாத்தறைப் பிள்ளை.
திரையை இழுத்தாள், கையுறை போட்டாள்,
லைற்றைக் கிட்டக் கொண்டுவந்தாள்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.
"நோவுதா? இரத்தம்? வளருதா?"
இல்லை. இல்லை. இல்லை.
"உரசுற இடத்தில வாறது.
ஒட்டுற வருத்தம் இல்ல.
சும்மா தோல்.
சுண்ணாம்பு மட்டும் இனி வேணாம்."

சும்மா என்ற சொல்லை
எங்கே படித்தாளோ.

"விடலாம். வெட்டலாம்.
உங்க விருப்பம்."

சன்னத்துக்கு அப்படிக் கேட்கவில்லை ஒருவரும்.
எடுத்தால் நரம்பு போகும், கிடக்கட்டும்
என்று எழுதி, அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.
என் உடம்பில் எது இருக்கலாம் என்று
என்னைக் கேட்டது
இதுதான் முதல்தரம்.

வெட்டுங்கோ என்றேன்,
கொஞ்சம் சத்தமாய்.
ஒரு ஊசி. கத்தரியின் ஒரு கடி.
துளியூண்டைக் குப்பியில் போட்டாள்,
எதுக்கும் பாக்கிறதாம்.

பாமசியில் ஊர்க்காரி தவநிதி:
"என்ன, காய்ச்சலோ?"
ஓம், காய்ச்சல்.

இரவு நிரஞ்சலா
சுவிச்சில் கை வைத்தாள்.
எரியட்டும் என்றேன்.
பிளாஸ்டர் ஒன்று
காட்ட இருந்தது.