தட்டினால் விட்டுவிட வேண்டும்

துபாய், அல் கூஸ். டயர்க் கடைக்கு மேல்மாடி.
சனி இரவு ஒன்பதரை.
டெட்டால் மணக்கும் நீலப் பாயில்
வெறுங்காலோடு பதினோரு பேர் நிற்கிறோம்.

ஐபெக், கிர்கிஸ்தான்காரன்,
என்னைவிடப் பதினாறு வயது இளையவன்,
பகலில் ஏதோ மாலில் காவல் நிற்பவன், சொன்னான்:
முழங்கால் தாய்லாந்துடையது.
தோள்வழி தூக்கி எறிவது ஜப்பான்.
தரையில் கிடந்து கழுத்தைப் பூட்டுவது பிரேசில்.
என் ஊர் மல்யுத்தமும் இதில் கொஞ்சம் உண்டு,
தேடிக்கொள்ளுங்கள்.
சொன்னது அரை ஹிந்தி, கால் அரபி,
மீதி கையசைவு.

ஏன் சேருகிறீர்கள் என்று ஒரு தாள் கேட்டது.
முல்தான் சர்ஃபராஸ் ‘சர்க்கரை’ என்று எழுதினான்.
கேஷியர் ரோவெனா ‘கடைசி பஸ்’ என்று எழுதினாள்.
நான் ‘சும்மா’.

கலப்பு எனக்குப் புதிதில்லை.
கான்கிரீட் லேபில் ஒன்பது வருடம்.
மணல், ஜல்லி, சிமெண்ட், தண்ணீர்,
ஆகஸ்டில் ஐஸ்கட்டியும்.
கூம்பில் அடைத்து
அடுக்குக்கு இருபத்தைந்து குத்து குத்தி
மெல்ல உருவினால்
கலவை தன் எடையில் கொஞ்சம் அமரும்.
எவ்வளவு அமர்ந்தது என்று அளப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.
அமராதது குழாயில் ஏறாது.
பொத்தென்று சரிந்த லோடைத் திருப்பி அனுப்புவேன்.

இன்று யாரும் யாரையும் அடிக்கவில்லை.
நாற்பது நிமிடம் விழுந்தோம்.
தாடையை மார்போடு ஒட்டு,
முதுகை வளை, மூச்சை விடு,
உள்ளங்கையால் பாயை அறை.
ஊன்றித் தப்பிக்கப் பார்த்தால்
மணிக்கட்டு போய்விடும்.
எனக்கு ஊன்றத்தான் வருகிறது.

பிறகு ஒரே ஒரு பூட்டு.
ரோவெனாவின் முன்கை என் கழுத்தில்.
வலித்தால் இரண்டு தட்டு, என்றான் ஐபெக்.
தட்டினால் விட்டுவிட வேண்டும்.
வேறு சட்டம் இங்கே கிடையாது.

லீவு கேட்டு இரண்டு வருடமாய் நான் தட்டிய மேசை
அந்த நேரம் பார்த்தா ஞாபகம் வரவேண்டும்?
கண்ணில் பூச்சி பறக்கும்வரை
தட்டாமல் கிடந்தேன்.
அவளாகவே விட்டாள்.
தன் மொழியில் திட்டினாள்; பிறகு எனக்குப் புரியும்படி:
நீ சொல்லாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?

மறுபடி, என்றான் ஐபெக்.
இந்த முறை
அவள் பூட்டுவதற்கு முன்பே தட்டிவிட்டேன்.
சர்ஃபராஸ் பாயில் உருண்டு சிரித்தான்.

அறைக்கு வந்து மேல்கட்டிலில் ஏறுகையில்
கம்பியில் கால் வழுக்கியது.
தாடை ஒட்டவில்லை, முதுகு வளையவில்லை,
கைதான் முந்திக்கொண்டது.

வீங்கிய மணிக்கட்டுக்கு
லேபிலிருந்து கொஞ்சம் ஐஸ் எடுத்துக்கொள்ளலாம்.
அடுத்த வகுப்பு செவ்வாய்.